மில்லுக்கார அம்மாவுடன் டெர்பிஷயரில் ஐந்து நாள்

மே 4, சனி – குரோம்ஃபோர்ட்

அம்மாவுக்கு 71 வயது. கோவையில் ஒரு நூற்பாலையில் 32 வருடம் கோன் வைண்டிங், அதாவது நூலைக் கூம்பில் சுற்றும் வேலை, பார்த்தவள். தம்பி இங்கிலாந்தில் டெர்பியில் வேலையில் இருக்கிறான். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தான், இப்போதுதான் கிளம்பி வந்தாள், துணைக்கு நான். "லண்டன் எல்லாம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல அம்மாவுக்கு ஒரு மில்லைக் காட்டணும்க்கா" என்று தம்பி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. வந்த இடத்திலும் மில்லா என்றுதான் நினைத்தேன்.

டெர்பியிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த மலைச்சரிவு, நடுவில் டெர்வென்ட் ஆறு. வாடகைக்கு எடுத்த வீடு பழைய மில் தொழிலாளர் குடியிருப்பு. வாசலில் மாட்டியிருந்த சாவிப் பெட்டிக்கு அனுப்பிய எண் தப்பு. போன் எடுப்பாரில்லை. தூறல் பிடித்துவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே போனார், மூன்று குவளையில் டீயோடு வந்தார். அம்மாவிடம் குவளையை நீட்டி "டக்" என்றார். வாத்து! என்ன இது என்று நான் விழிக்க, இந்தப் பக்கத்தில் பாசமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றான் தம்பி. "நாம கண்ணுங்கற மாதிரி." அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. சாவி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை பாட்டியின் வாசல் கூரைக்கடியில்தான் நின்றோம்.

மழை விட்டதும் மில்லுக்குப் போனோம். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் இங்கேதான் தண்ணீர் விசையில் பஞ்சு நூற்கும் ஆலையைத் தொடங்கினார். முடிதிருத்தும் வேலையும் டோப்பா கட்டும் வேலையும் பார்த்தவர் அவர். சாலையைப் பார்த்த சுவரில் கீழ்மட்டத்தில் ஜன்னலே இல்லை, கோட்டை மாதிரி நிற்கிறது. இயந்திரம் வந்தால் பிழைப்புப் போய்விடும் என்று ஆட்கள் திரண்டு வந்து உடைத்த காலம் அது. 1779இல் லங்காஷயரில் அவருடைய இன்னொரு ஆலையை அப்படித்தான் தரைமட்டமாக்கினார்கள்.

எனக்குப் பிடித்தது தண்ணீரின் கதை. பக்கத்து மலையில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வெளியே வடிக்க மலைக்குள்ளேயே வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். பூமிக்குள்ளிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், பனிக்காலத்திலும் உறையாது. அதையும் ஓடைத் தண்ணீரையும் சேர்த்துத்தான் சக்கரத்தைச் சுற்றவிட்டார்கள். வருடம் முழுக்க, ராத்திரி பகலாக ஓடியது. தம்பி இதை அம்மாவுக்கு விளக்கியபோது அம்மா உடனே, "நமக்குப் பைக்காராத் தண்ணி மாதிரி" என்றாள். எவ்வளவு சரி! 1930களில் பைக்காராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த பிறகுதானே கோவையில் மில்லுக்கு மேல் மில் முளைத்தது.

நம் பக்கத்து உறவு இன்னொன்றும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணியும் மற்ற இந்தியப் பருத்தித் துணியும் அந்தக் காலத்து இங்கிலாந்தில் அப்படி விற்றிருக்கின்றன. உள்ளூர்க் கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் பொறுக்க முடியாமல் போராடி, 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை விற்பதற்கும் உடுப்பதற்கும் தடைச் சட்டமே வாங்கிவிட்டார்கள். பிறகு ஆர்க்ரைட் கேட்டுக்கொண்டபடி 1774இல் இங்கிலாந்திலேயே செய்த பருத்தித் துணிக்கு மட்டும் தடை நீங்கியது. அதன்பின் என்ன ஆனது என்பது நம் நெசவாளர் குடும்பங்களுக்குத் தெரியும்.

மாலையில் நார்த் ஸ்ட்ரீட் பார்த்தோம். 1776–77இல் ஆர்க்ரைட் தன் ஆட்களுக்காகக் கட்டிய மூன்றடுக்கு வரிசை வீடுகள். மேல்மாடி ஜன்னல் மட்டும் நீளமாக இருக்கிறது. பொண்டாட்டி பிள்ளைகள் மில்லுக்குப் போக, புருஷன் அந்த வெளிச்சத்தில் தறியடித்திருக்கிறான். மில்லில் பெரும்பாலும் குழந்தைகள். ஏழு வயதுப் பிள்ளைகள்.

"ஏழு வயசா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அவ்வளவுதான். மில்லைப் பற்றி அம்மா இதுவரை குறையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "சோறு போட்ட மில்லு" என்பாள்.

மே 5, ஞாயிறு – பேட்லி கார்ஜ்

தம்பி கார் எடுத்து வந்துவிட்டான். வடக்கே ஒரு மணி நேரம் போய், பேட்லி கார்ஜ் என்ற பள்ளத்தாக்கில் இறங்கினோம். கருவேல மரம் இல்லை, ஓக் மரம். ஒவ்வொன்றும் முறுக்கிப் பிழிந்தது போல நிற்கிறது. கல், வேர், கிளை எல்லாவற்றிலும் பாசி. கீழே ஓடை பாறைக்குப் பாறை இறங்கி ஓடுகிறது. நம் ஊர் வெயில் வெள்ளை, இங்கே இலைக்குள்ளால் வடிந்து வரும் வெயில் பச்சையாக இருக்கிறது. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள், அவர்கள் நாய்கள் அம்மாவின் சேலைத் தலைப்பை முகர்ந்து பார்க்கின்றன.

ஒரு சரிவில் வட்ட வட்டமான கல்கள் கிடந்தன, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, நடுவில் துளையோடு. அத்தனையும் ஆலைகளுக்குச் செதுக்கிய திரிகைக் கற்கள். இந்தக் கரடுமுரடான மணற்கல்லில் கோதுமையை அரைத்தால் மாவு பழுப்படித்துவிடும். வெள்ளை ரொட்டிக்கு ஆசைப்பட்ட ஜனங்கள் பிரெஞ்சுக் கல்லுக்குப் போனார்கள், அப்புறம் இரும்பு உருளை வந்தது. செதுக்கி முடித்தவற்றை எடுத்துப்போக ஆள் இல்லை. செதுக்கியவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக இந்த வட்டாரம் ஆனபோது இந்தத் திரிகைக் கல்லையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கையால் தடவினாள். "கொத்தல் இன்னும் மழுங்கவே இல்லை பாரு. ஒரு நாளும் அரைக்கலை." எங்கள் தெருவில் அம்மி கொத்த, ஆட்டுக்கல் கொத்த ஒருவர் உளியோடு வருவார். கிரைண்டர் வந்த பிறகு அவர் எங்கே போனார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இறங்கும்போது ஈரக்கல்லில் அம்மாவின் கால் பிசகியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வீங்கிவிட்டது. பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் ஊன்றுகோல்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கார் நிறுத்தும் இடம் வரை எங்கள் வேகத்துக்கே நடந்து வந்தார்கள். கோலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். அந்தக் கோல் இப்போது அம்மாவுடன் கோவைக்கு வரப்போகிறது.

மே 6, திங்கள் – ஹேடன் ஹால், பேக்வெல்

பொது விடுமுறை, அதோடு பேக்வெல்லில் திங்கள்தான் சந்தை. கார் நிறுத்த நாற்பது நிமிடம் சுற்றினோம். ஊரின் பெயர்பெற்ற புட்டிங் வாங்கித் தின்றோம். மெல்லிய மொறுமொறு மாவுக்குள் ஜாம், அதன்மேல் முட்டையும் பாதாமும் சேர்ந்த இளக்கமான பூரணம். சூடாகத் தின்றால் நன்றாக இருக்கிறது, ஒரு துண்டுக்கு மேல் திகட்டும். கூட ஒரு டீ மூன்று பவுண்டு, நம் பணத்தில் 300 ரூபாய்க்கு மேல். அம்மா கணக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆனால் ஓட்கேக் என்று ஒன்று வாங்கினோம் பாருங்கள். ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றி எடுத்தது. மெத்தென்று, ஓட்டை ஓட்டையாக. அசல் கம்பு தோசைதான். ராத்திரி வீட்டில் அதைச் சூடாக்கி, கொண்டுவந்த பருப்புப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்துத் தொட்டுத் தின்றோம். ஊரிலிருந்து கிளம்பி இரண்டு வாரத்தில் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஹேடன் ஹால் ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் நடுக்காலத்து மாளிகை. சொந்தக்காரப் பிரபு குடும்பம் 1700 வாக்கில் வேறு அரண்மனைக்குப் போய்விட்டது. இருநூறு வருடம் சும்மா கிடந்ததால்தான் யாரும் இடித்து மாற்றிக் கட்டவில்லை. 1920களில் அந்த வம்சத்தவர் ஒருவர் பொறுமையாகச் செப்பனிட்டார். நீண்ட கூடத்தின் ஜன்னல் கண்ணாடிகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் அங்கங்கே சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் ஒவ்வொரு சில்லிலும் வேறு வேறாக விழுந்து, சுவர் முழுக்கத் தண்ணீர் அலம்புவது போல இருந்தது. விருந்துக் கூடத்து மரத்தடுப்பில் ஒரு இரும்பு விலங்கு தொங்குகிறது. விருந்தில் குடிக்க மறுத்தவனின் மணிக்கட்டை அதில் பூட்டி, அவன் பங்கைக் கைச்சட்டைக்குள்ளேயே ஊற்றிவிடுவார்களாம்.

அம்மாவுக்கு அடுக்களைதான் பிடித்தது. கறி வெட்டிய மரக்கட்டைகள் வெட்டி வெட்டியே குழிந்து போயிருக்கின்றன. உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை பேரு இங்க நின்னிருக்காங்க" என்றாள்.

மே 7, செவ்வாய் – லிட்டன் மில்

மில்லர்ஸ் டேல் என்ற இடத்தில் காரை விட்டு, வை ஆற்றை ஒட்டிய சின்னச் சாலையில் நடந்தோம். அம்மா புதுக் கோலோடு. சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு. ஆறு அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. கரையெல்லாம் அகல இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு செடி, காற்றில் பூண்டு வாசம் தூக்குகிறது. காட்டுப்பூண்டு. தம்பி கசக்கி மோந்து பார்த்து உறுதி செய்தபின் அம்மா ஒரு பிடி பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பள்ளத்தாக்கின் முனையில் லிட்டன் மில். இப்போது அடுக்குமாடி வீடுகள். ஜன்னலில் பூந்தொட்டி, வாசலில் சைக்கிள். அம்மா வேலை பார்த்த மில்லும் மூடி, இடித்து, அடுக்குமாடி ஆகிவிட்டது. ஆகவே அவளுக்கு அதில் ஆச்சரியமில்லை. தம்பிதான் ஆற்றோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ராபர்ட் பிளின்கோவின் கதையைச் சொன்னான்.

லண்டனில் ஏழைகளுக்கான ஒரு விடுதியில் வளர்ந்தவன். 1799இல், ஏழு வயது வாக்கில், அவனையும் எண்பது பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றி நாட்டிங்ஹாம் பக்கத்து மில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே வறுத்த கறி தருவார்கள், வெள்ளிக் கடிகாரம் தருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். பிள்ளைகள் குதித்துக்கொண்டு போனார்கள். அந்த மில் மூடியதும் இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். லிட்டனில் அடியும் பசியும். பன்றிகளைக் கொழுக்க வைக்க மாவு உருண்டை போடுவார்கள், பிள்ளைகள் ஒளிந்திருந்து தொட்டியிலிருந்து அதைத் திருடித் தின்றிருக்கிறார்கள். பன்றிகள் சுதாரித்துக்கொண்டு, ஆள் வருவது தெரிந்தால் உருண்டைகளைச் சேற்றுக்குள் அமுக்கிவிடுமாம். இதெல்லாம் பிளின்கோ பெரியவனான பிறகு தானே சொல்லி, 1832இல் தனிப் புத்தகமாக அச்சில் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காகப் போராடியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போராடினார்கள். அடுத்த வருடம் விசாரணைக் குழு முன்னால், உன் பிள்ளைகளை மில்லுக்கு அனுப்புவாயா என்று கேட்டபோது, அதற்கு அவர்களை நாடு கடத்தினாலும் தேவலை என்றிருக்கிறார்.

"அப்புறம் அந்தப் பசங்க என்ன ஆனாங்க?" என்றாள் அம்மா.

"ஒரு பையன் கேம்பிரிட்ஜ்ல படிச்சுப் பாதிரியார் ஆயிட்டாரும்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தாவதில் நான் கணக்கில் தவறியபோது, நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் "மில்லுக்கு அனுப்பிவிடு, ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் மூணு வருசத்தில் கல்யாணத்துக்குப் பணம்" என்றார்கள். அம்மா ஒற்றை ஆளாக நின்று மறுபடி பரீட்சை எழுத வைத்தாள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் சொல்லி, விடுதியில் அடைத்து, எத்தனை ஊர்ப் பெண்பிள்ளைகளை நம் மேற்கு மாவட்ட மில்கள் அப்படி வாங்கின. இப்போது அதே விடுதிகளில் ஒடிசாப் பெண்களும் பீகார்ப் பெண்களும் இருக்கிறார்கள். இவ்வளவு அழகான ஆற்றங்கரையில் உட்கார்ந்து எனக்கு அந்த விடுதி ஜன்னல்கள்தான் ஞாபகம் வந்தன. கம்பி போட்டு, துணி காயும் ஜன்னல்கள்.

ராத்திரி காட்டுப்பூண்டு இலையைக் கிள்ளிப் போட்டு ரசம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். மறுநாள் காலை கிண்ணம் கழுவித் துடைத்து, உள்ளே நாலு முட்டையோடு திரும்பி வந்தது.

மே 8, புதன் – ஸ்டயல், குவாரி பேங்க்

ஒன்றரை மணி நேரம், மலையேறி இறங்கி, செஷயருக்கு. பாலின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1784இல் சாமுவேல் கிரெக் கட்டிய பருத்தி ஆலை, முதலாளி வீடு, தோட்டம், தொழிலாளர் ஊர், காடு, எல்லாம் சேர்ந்து அப்படியே இருக்கிறது. 1939இல் அந்தக் குடும்பம், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்துவிட்டது. மான்செஸ்டர் விமான நிலையம் மிக அருகில், ஐந்து நிமிடத்துக்கொரு விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு இறங்குகிறது. கிரெக் குடும்பத்துக்குக் கரீபியன் தீவான டொமினிக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. அதையும் இங்கே மறைக்காமல் சொல்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் அப்ரென்டிஸ் ஹவுஸ், மில்லில் வேலை பார்த்த பிள்ளைகள் தங்கிய விடுதி. 1790இல் கட்டியது. ஏறக்குறைய 90 பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள், கட்டிலுக்கு இரண்டு பேர். லிட்டன் போல இல்லை, இங்கே தோட்டத்துக் காய்கறி உண்டு, மருத்துவர் வந்து பார்ப்பார், எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் பன்னிரண்டு மணி நேர வேலை. காலைக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக் கையிலேயே போட்டுவிடுவார்களாம், பிள்ளைகள் மில்லுக்கு நடந்துகொண்டே தின்ன வேண்டும். கூட்டிப்போன வழிகாட்டி, அங்கிருந்து ஓடிப்போன இரண்டு பையன்களைப் பற்றிச் சொன்னார். 1806இல் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன். பிரீஸ்ட்லிக்கு 13 வயது, இயந்திரத்தில் ஒரு விரல் போய்விட்டது. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"எவ்ளோ தூரம்?" என்றாள் அம்மா.

"முன்னூறு கிலோமீட்டர் கிட்ட. நம்மூர்ல இருந்து சேலம் போய், இன்னும் அவ்ளோ தூரம்."

ஆலைக்குள் இயந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். மியூல் என்ற நூற்பு இயந்திரத்தின் வண்டி முன்னும் பின்னும் நகரும். அது நகரும்போதே குழந்தைகள் அடியில் தவழ்ந்து போய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுப்பார்கள். தறிக்கூடத்தில் நான்கைந்து தறிதான் ஓடின, எனக்குக் காது அடைத்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் பொத்தவில்லை. முகம் மலர்ந்து, மூக்கை விரித்து மூச்சு இழுத்தாள். எண்ணெய், பஞ்சு, சூடான இரும்பு. எங்கள் அப்பா சாகும்வரை அவர் சட்டையில் இருந்த வாசம்.

சத்தம் நின்றபின், ஓட்டிக் காட்டிய பெரியவரிடம் தம்பி அம்மாவைப் பற்றிச் சொன்னான். அவர் கழிவு நூலில் ஒரு முழம் எடுத்து, அறுத்து, இரண்டு நுனியையும் அம்மாவிடம் நீட்டினார். அம்மா கோலை என்னிடம் கொடுத்தாள். இடது கையில் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தாள், கட்டைவிரல் ஒரு சுற்று, ஆள்காட்டி விரல் ஒரு தள்ளு, இழுத்தாள். முடிச்சு விழுந்தது. பார்க்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள். நாட்டர் என்ற கைக்கருவி வருவதற்கு முன் ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் போட்ட முடிச்சு. பெரியவர் நூலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் வருடினார், முடிச்சு இருக்கும் இடமே தட்டுப்படவில்லை. பக்கத்துக் கூடத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து, மறுபடி ஒருமுறை என்று கேட்டார். அம்மா மறுபடி போட்டாள். ஒருவர் கூட பேசவில்லை, அப்புறம் மூன்று பேரும் கை தட்டினார்கள்.

திரும்பும்போது மலை மேல் மேகம் இறங்கி, வழி தெரியாமல் கார் ஊர்ந்தது. பின்சீட்டில் அம்மா தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒருக்கா ஓடி வந்துட்டேன் கண்ணு" என்றாள்.

பதினாலு வயதில், மில்லில் சேர்ந்த நாலாம் நாள். சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் லைன் வீட்டுக்குப் போகாமல், மெயின் ரோட்டிலேயே நடந்து பொழுது சாயச் சாய ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். பன்னிரண்டு மைல். இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை.

"அமுச்சி திட்டுச்சா?" என்றான் தம்பி. அமுச்சி என்றால் அம்மாவைப் பெற்றவள்.

"ஒரு வார்த்தை திட்டலை சாமி. சுடுதண்ணி வெச்சுக் காலுக்கு ஊத்துச்சு. சோளச்சோறு போட்டுச்சு. விடியறதுக்குள்ள எழுப்பி, கூடவே நடந்து வந்து, மில்லு கேட்டுல உட்டுது. உள்ள போயித் திரும்பிப் பாத்தேன். சங்கு ஊதுற வரைக்கும் அங்கயேதான் நின்னுட்டு இருந்துச்சு."